சர்வகலாசாலையும் மறைந்த யாழும்

"சர்வகலாசாலை" என்று ஒரு சொல் முன்னாளில் நம்மிடையே வழங்கிற்று. இப்போது அதைப் "பல்கலைக் கழகம்" என்கிறோம். வடமொழிப் பெயர் போய்த் தமிழ்ப் பெயர் வந்ததில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய பெயராயினும் சரி, புதிய பெயராயினும் சரி, ‘கலை’ என்னும் சொல் அதன் நடுநாயகமாக வீற்றிருக்கிறது. ஆங்கிலேயர் தங்கள் மொழியில் அந்த ஸ்தாபனத்துக்கு இட்ட பெயரில் கலையைப் பற்றிய பேச்சே கிடையாது. நாமோ, கலைகள் எல்லாம் கூடி வாழும் வீடு என்றே அதற்குப் பெயர் சூட்டிவிட்டோம்.

பெயர் சூட்டிய அளவோடு நின்றுவிட்டோமோ என்றுதான் சந்தேகம். ஏதேனும் ஒரு பல்கலைக் கழகத்துக்குள் நுழைந்து, "இங்கே கலை எங்கே இருக்கிறது?" என்று விசாரித்துப் பாருங்கள். இசைத் துறை ஒரு மூலையைக் காட்டும். பௌதிகத் துறையார், "அது எங்கள் இலாகா அல்ல" என்பார்கள். வேறு சிலர், "ஆண்டு விழாவுக்கு வாருங்கள், பாட்டும் கூத்தும் நடக்கும்" என்று அன்போடு அழைப்பார்கள். அதாவது, கலை என்பது படிப்பு முடிந்த பிறகு இளைப்பாறுவதற்கு உரியது. படிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பது பொதுவான எண்ணம்.

நம் முன்னோர் கலை என்ற சொல்லை இவ்வளவு குறுக்கிப் பொருள் கொண்டதில்லை. அறுபத்து நான்கு கலைகள் என்று அவர்கள் எண்ணிய வரிசையில் வீணையும் மிருதங்கமும் உண்டு, கணிதமும் உண்டு, சோதிடம் உண்டு, இரத்தினங்களைச் சோதித்து அறிவதும் உண்டு. பாடத் தெரிந்தவனும் கணக்குத் தெரிந்தவனும் ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்டார்கள். பந்தி பிரிந்தது பிற்காலத்தில்தான்.

பந்தி பிரிந்ததால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் உண்டு. அதற்குச் சாட்சி, தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் முழங்கி, பிறகு அடையாளமே தெரியாமல் மறைந்துபோன யாழ். அதை மீட்பதற்கு எத்தகைய மனிதர் வேண்டியிருந்தது என்பதை அறிந்தால், கலையையும் விஞ்ஞானத்தையும் தனித்தனி அறையில் பூட்டி வைப்பது எவ்வளவு பெரிய தவறு என்பது விளங்கும்.

விஞ்ஞான உபாத்தியாயர்

ராஜா ஸர் அண்ணாமலை செட்டியாரின் கொடையால் சிதம்பரத்தில் 1929-ம் வருஷம் அண்ணாமலைப் பல்கலைக் கழகம் உதயமாயிற்று. தமிழையும் இசையையும் வளர்ப்பது அவருடைய பெரு விருப்பம். 1931-ல் அங்கே தமிழ்ப் பேராசிரியர் பதவியை முதலில் ஏற்றவர் யார் என்று நினைக்கிறீர்கள்? திண்ணைப் பள்ளியில் நிகண்டு மனப்பாடம் செய்து, வேறு ஒன்றும் அறியாத பண்டிதர் அல்லர். லண்டன் பல்கலைக் கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் பெற்ற ஒரு துறவி!

அவர்தாம் ஸ்வாமி விபுலானந்தர். ஈழநாட்டின் கீழ்க்கரையில், மட்டக்களப்புப் பகுதியைச் சேர்ந்த காரைதீவில் 1892-ல் பிறந்தவர். பிள்ளைத் திருநாமம் மயில்வாகனன். கொழும்பு தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம் பயின்றார். அந்நாட்களிலேயே மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சைக்கும் படித்து 1916-ல் தேறினார். ஒரு கையில் சோதனைக் குழாய், மற்றொரு கையில் தொல்காப்பியம். ரஸாயனம் கற்பித்தார், யாழ்ப்பாணத்தில் விஞ்ஞான ஆசிரியராக இருந்தார், 1920-ல் லண்டன் பி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். பிறகு சென்னை மயிலாப்பூர் ராமகிருஷ்ண மடத்தை அடைந்து, 1924-ல் துறவு பூண்டு விபுலானந்தரானார்.

துறவு பூண்டவர் கல்வியைத் துறக்கவில்லை. 1926-ல் அவர் எழுதிய ‘மதங்க சூளாமணி’ என்ற நூல், ஷேக்ஸ்பியரின் நாடகங்களையும் நமது நாடக இலக்கணத்தையும் ஒரே தராசில் வைத்து ஆராய்கிறது. சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தார் விஞ்ஞானப் பாடங்களுக்குத் தமிழில் கலைச்சொற்கள் ஆக்கப் புகுந்தபோது அந்தப் பணிக்கு அவர் தலைமை பூண்டு உழைத்தார். அண்ணாமலை நகரில் இருந்த காலத்தில், பல பண்டிதர்கள் பாரதியாரைக் கவிஞராக ஒப்பவும் தயங்கிய அந்நாளில், பாரதியின் பாடல்களை மாணவரிடையே பரப்பினார். 1933 வரை அங்கே இருந்தார். 1943-ல் இலங்கைப் பல்கலைக் கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியர் அவரே.

இத்தனைக்கும் நடுவில் அவருடைய உள்ளத்தை ஆட்கொண்ட பொருள் ஒன்று உண்டு. சிலப்பதிகாரத்தில் மாதவியின் நாட்டிய அரங்கேற்றத்தைச் சொல்லும் பகுதியில், ஆடலாசான், இசையாசான், குழலோன், தண்ணுமையோன் முதலியோரோடு யாழாசிரியனுடைய இலக்கணமும் வருகிறது. தமிழ் வித்துவான்கள் பலர் அந்த இடத்துக்கு வந்தால் வேகமாகப் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். பதவுரை சொல்லலாம், பொருள் புரியாது. சங்கீத வித்துவான்களுக்கோ செய்யுள் புரியாது. ஆகவே, இலக்கியக்காரர் இசையைத் தொடவில்லை. இசைக்காரர் இலக்கியத்தைத் தொடவில்லை. இருவருக்கும் நடுவில் விழுந்த பள்ளத்தில் யாழ் புதைந்து கிடந்தது.

நரம்பும் கணக்கும்

யாழைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் செய்திகள் ஓரிடத்தில் இல்லை. அதன் பத்தர், போர்வைத் தோல், வளைந்த கோடு, நரம்பு முதலிய உறுப்புக்களைப் பத்துப்பாட்டின் ஆற்றுப்படை நூல்கள் வருணிக்கின்றன. பேரியாழுக்கு 21 நரம்பு, மகர யாழுக்கு 19, சகோட யாழுக்கு 14, செங்கோட்டி யாழுக்கு 7 என்று உரையாசிரியர்கள் கணக்குச் சொல்கிறார்கள். வளைந்த யாழின் உருவத்தை அமராவதிச் சிற்பங்களில் காணலாம். புதுக்கோட்டைச் சீமையில் குடுமியான்மலைப் பாறையில் இசைக் கல்வெட்டு இருக்கிறது. தேவாரப் பண்கள் ஓதுவார்களின் நாவில் இருக்கின்றன. ஆக, இலக்கியம் அறிந்தவர், சிற்பம் அறிந்தவர், கல்வெட்டு அறிந்தவர், பண் அறிந்தவர் ஆகிய நால்வரும் கூடிப் பேசினால்தான் யாழின் உருவம் கிடைக்கும். உருவம் கிடைத்தாலும் ஒலி கிடைக்காது. ஒலிக்குக் கணக்கு வேண்டும். அந்தக் கணக்குக்குப் பௌதிகம் வேண்டும்.

அதை விளக்க, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் செய்து பார்க்கக்கூடிய எளிய சோதனை ஒன்றைச் சொல்லுகிறேன். ஒரு பலகையில் 36 அங்குல நீளத்துக்குக் கம்பி ஒன்றை இழுத்துக் கட்டி மீட்டுங்கள். எழும் ஒலியைக் ‘குரல்’ என்று வைத்துக்கொள்வோம்; இக்காலத்து ஸட்ஜம் அதுவே. கம்பியின் கீழே ஒரு சிறு கட்டையை நகர்த்தி, 18 அங்குலம் மட்டும் அதிரும்படி செய்தால் அதே குரல் மேல் ஸ்தாயியில் கேட்கும். 24 அங்குலம் அதிர்ந்தால் ‘இளி’, அதாவது பஞ்சமம். 27 அங்குலம் அதிர்ந்தால் ‘உழை’, அதாவது சுத்த மத்தியமம். பாதி, மூன்றில் இரண்டு, நான்கில் மூன்று: இவ்வளவுதான் கணக்கு. ஆனால் காது இனிக்கிறது! பின்னக் கணக்கு என்றாலே வயிற்றைக் கலக்கும் பையன்களும் இந்தப் பின்னங்களை மறப்பதில்லை. கிரேக்க நாட்டுப் பிதாகோரஸின் பெயரால் உலகம் இந்த உண்மையைப் போற்றுகிறது.

நம்மவர் இதை எப்படிச் சொன்னார்கள் என்பது இன்னும் சுவையானது. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் ஏழு ஆயர் மகளிர் வட்டமாக நிற்கிறார்கள். அந்த எழுவருக்கும் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு நரம்புகளின் பெயரை இட்டு ஆடச் செய்கிறாள் மாதரி. உரை வகுத்தோர் அந்த ஏழையும் பன்னிரண்டு இராசி வீடுகளில் அமைத்துக் காட்டுகிறார்கள். குரல் இடபத்தில், உழை துலாத்தில், இளி தனுசில். இடபத்தை விட்டு எண்ணிப் பாருங்கள்: துலாம் ஐந்தாம் வீடு, தனுசு ஏழாம் வீடு. இனி ஹார்மோனியத்தின் முன்னே உட்காருங்கள். ஸட்ஜமாக வைத்த கட்டையை விட்டு, கறுப்பும் வெள்ளையுமாக எண்ணினால் ஐந்தாம் கட்டை சுத்த மத்தியமம், ஏழாம் கட்டை பஞ்சமம். சோதிடக் கட்டம் போலத் தோன்றிய அது, உண்மையில் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டாகப் பகுத்த இசைக் கட்டம்!

யாழில் ஒரு நரம்புக்கு ஒரு ஸ்வரமே உண்டு. வீணையைப் போல மெட்டுக்கள் கிடையா. ஆகையால் ராகத்தை மாற்ற வேண்டுமானால் வேறொரு நரம்பைக் குரலாகக் கொண்டு தொடங்க வேண்டும். அப்படி மாறி மாறித் தொடங்குவதால் செம்பாலை, படுமலைப்பாலை, செவ்வழிப்பாலை, அரும்பாலை, கோடிப்பாலை, விளரிப்பாலை, மேற்செம்பாலை என்று ஏழு பாலைகள் பிறக்கின்றன. வட்டத்தில் நிற்கும் ஏழு பெண்களில் யார் முதலில் நிற்கிறாள் என்பதைப் பொறுத்து ஆட்டம் மாறுவது போல என்று கொள்ளலாம். கவிதையும் கணக்கும் கைகோத்து ஆடிய குரவை அது.

இதையெல்லாம் ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் ஆராய்ந்து விபுலானந்தர் எழுதிய ‘யாழ் நூல்’, 1947-ம் வருஷம் ஜூன் மாதம் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாகத் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. யாழின் உறுப்புக்கள், நரம்புகளின் அளவு, பாலைகளின் திரிபு, பண்கள், தேவாரம் என்று ஏழு இயல்களாக விரியும் நூல் அது. அவருடைய கணக்கின்படி செய்த யாழ்களை ஊர்வலமாக எடுத்துவந்து சபையில் வாசிக்கவும் செய்தார்கள். பல நூற்றாண்டுகளாகப் புத்தகத்தில் மட்டுமே இருந்த நரம்பு அன்று வாய் திறந்து பேசிற்று. உடல் நலிந்திருந்த ஸ்வாமிகள் அதைக் கண்ணாரக் கண்டார். அடுத்த மாதம் 19-ம் தேதி அவர் மறைந்தார்.

அவருடைய முடிவுகள் அனைத்தையும் பின்வந்த இசை ஆராய்ச்சியாளர்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்வதற்கில்லை. சிலவற்றை மறுத்திருக்கிறார்கள். ஆனால் மறுப்பதற்கும் இலக்கியம், இசை, கணக்கு மூன்றும் தெரிய வேண்டியிருந்தது அல்லவா? அதுவே அவருடைய வெற்றி.

வைத்தியர் வளர்த்த இசை

விபுலானந்தருக்கு முன்பே இந்தக் காட்டில் வழி வெட்டியவர் ஒருவர் உண்டு. தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் தொழிலால் சித்த வைத்தியர். அதற்குமுன் உபாத்தியாயர். புகைப்படக் கலை பயின்றவர். பயிர்த்தொழிலிலும் சோதனைகள் செய்து பார்த்தவர். 1912 முதல் சொந்தப் பொருளைச் செலவிட்டுத் தஞ்சையில் சங்கீத மகாநாடுகள் கூட்டினார். 1917-ல் ‘கருணாமிர்த சாகரம்’ என்ற பெருநூலை வெளியிட்டார்.

ஒரு ஸ்தாயியில் சுருதிகள் எத்தனை என்பது அவர் எழுப்பிய பெரிய கேள்வி. மரபாகச் சொல்லிவரும் 22 அல்ல, 24 என்று அவர் வாதித்தார். விபுலானந்தரோ 22 என்ற மரபையே கணக்கால் நிறுவ முயன்றார். இந்தச் சண்டை எங்கிருந்து வந்தது என்பதையும் கணக்கே காட்டிக் கொடுக்கும். ஸட்ஜத்திலிருந்து பஞ்சமம், அந்தப் பஞ்சமத்துக்குப் பஞ்சமம் என்று 12 முறை தாவினால் ஒலியின் அதிர்வு சுமார் 129.75 மடங்காகிறது. ஏழு ஸ்தாயி ஏறினால் 128 மடங்கு. இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேர வேண்டியவை, மயிரிழை தப்பிவிடுகின்றன. இந்த மயிரிழையை எங்கே ஒளித்து வைப்பது என்பதுதான் உலகத்துச் சங்கீதங்கள் எல்லாம் மண்டையை உடைத்துக்கொள்ளும் பிரச்சினை. தஞ்சாவூர் வைத்தியர் ஒருவர் அதை எதிர்த்துப் போராடினார் என்பதை நினைத்தால் நமக்குப் பெருமிதம் உண்டாகிறது. அவருக்குப் பின்னே எந்தப் பல்கலைக் கழகமும் நிற்கவில்லை என்பதை நினைத்தால் வருத்தமும் உண்டாகிறது.

மிருதங்கத்துச் சோறு

இலக்கியத்திலிருந்து விஞ்ஞானத்துக்கு வந்தவரைப் பார்த்தோம். விஞ்ஞானத்திலிருந்து கலைக்கு வந்தவர் ஒருவரும் தமிழர்தாம். திருச்சிராப்பள்ளியில் பிறந்த ஸர் சி. வி. ராமன் ஒளி ஆராய்ச்சிக்காக 1930-ல் நோபல் பரிசு பெற்றார் என்பதைப் பள்ளிப் பிள்ளைகள் அறிவார்கள். ஒளிக்கு முன்னே அவரை மயக்கியது ஒலி என்பதை அவ்வளவு பேர் அறியார். ஜெர்மனி தேசத்து ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்பவர் வைத்தியம் படித்துப் பௌதிகத்துக்கு வந்தவர். செவியும் இசையும் பற்றி 1863-ல் ஒரு பெருநூல் எழுதினார். இளமையில் ராமனை வழிநடத்திய நூல்களில் அது ஒன்று.

சாதாரணத் தோல் கருவியைத் தட்டினால் எழும் துணை ஒலிகள் ஒன்றோடொன்று பொருந்தா. வெறும் ஓசையாகவே கேட்கும். மிருதங்கத்தின் வலந்தலையோ சுருதியோடு இழைகிறது. இது எப்படி? தோலின் நடுவே பூசும் கரிய ‘சோறு’தான் காரணம். கல்லைப் பொடித்துச் சோற்றோடு பிசைந்து அடுக்கடுக்காக அதை ஏற்றுகிறார்கள். அந்தக் கனம் நடுவில் மிகுந்தும் ஓரத்தில் குறைந்தும் நிற்பதால், துணை ஒலிகள் 1, 2, 3, 4, 5 என்று ஒழுங்கான விகிதத்தில் வந்து அமைகின்றன. ராமன் இதை ஆராய்ந்து 1920-ல் சிவகாலி குமார் என்பவரோடு சேர்ந்து எழுதி வெளியிட்டார். 1934-ல் விரித்தும் எழுதினார். தம்பூராவின் தந்திக்கடியில் செருகும் ‘ஜீவா’ நூல் எவ்வாறு நாதத்தை நீட்டிக் கொழிக்கச் செய்கிறது என்பதையும் ஆராய்ந்தார்.

மிருதங்கம் செய்யும் தொழிலாளி ராமனுடைய கட்டுரையைப் படித்தவர் அல்லர். ஆனால் ராமன் கண்ட உண்மையை அவருடைய விரல்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தன. அந்த விரல்களுக்கும் சோதனைச் சாலைக்கும் இடையே ஒரு பாலம் வேண்டும். அந்தப் பாலத்தைக் கட்டுவதற்குப் பல்கலைக் கழகத்தைவிட ஏற்ற இடம் எது?

கொங்கு நாட்டு உதாரணம்

இதெல்லாம் சோழ நாட்டுக் கதையும் ஈழ நாட்டுக் கதையுமாக இருக்கிறதே, நம் கொங்கு நாட்டில் யாருமில்லையா என்று கோயமுத்தூர் வாசகர்கள் கேட்கக்கூடும். உண்டு. ஈரோட்டை அடுத்த மஞ்சக்காட்டு வலசில் 1908-ல் பிறந்த பெரியசாமித் தூரன், சென்னையில் கல்லூரியில் கணிதம் பயின்றவர். கோவையில் ராமகிருஷ்ண வித்யாலயத்தில் ஆசிரியராக இருந்தவர். கணக்கு வாத்தியார் என்றதும் பிரம்பை நினைக்க வேண்டாம். இன்று சங்கீத மேடைகளில் பாடப்படும் தமிழ்க் கீர்த்தனங்கள் பலவற்றை இயற்றியவர் அவர். மனத்தத்துவத்தைப் பற்றியும், பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு இறங்கும் பாரம்பரியத்தைப் பற்றியும் தமிழில் நூல் எழுதினார்.

தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் சென்னை மாகாணக் கல்வி மந்திரியாக இருந்த காலத்தில், 1946-ல், தமிழ் வளர்ச்சிக் கழகம் தோன்றிற்று. உலகத்து அறிவையெல்லாம் தமிழில் தொகுக்கும் கலைக்களஞ்சியப் பணிக்கு ஆசிரியராக அது தூரனையே தேர்ந்தெடுத்தது. 1954-ல் முதல் தொகுதி வந்தது. 1968-க்குள் பத்துத் தொகுதிகளும் வந்தன. அணுவும் ஆழ்வாரும், நாகஸ்வரமும் நட்சத்திரமும் அகரவரிசைப்படி அடுத்தடுத்து வீற்றிருக்கும் சபை அது. அப்படிப்பட்ட சபைக்குத் தலைமை தாங்கக் கணிதமும் கவிதையும் அறிந்த ஒருவர் வேண்டியிருந்தது. அவர் கொங்கு நாட்டில் கிடைத்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தூரன் கல்லூரியில் பயின்ற அந்நாளில் கணிதம் படித்தவர்களுக்கும் பி.ஏ. பட்டமே வழங்கினார்கள். அதாவது கணிதமும் ஒரு ‘கலை’யாகவே மதிக்கப்பட்டது. இன்று ஒரு பையன் பத்தாம் வகுப்பைத் தாண்டியதும் அவனை ஒரு பிரிவில் நிறுத்தி, மற்றப் பிரிவுகளின் கதவைச் சாத்திவிடுகிறோம். பதினைந்து வயதில் போடும் தாழ்ப்பாள் ஆயுள் முழுவதும் திறப்பதில்லை.

இரண்டு ஆட்சேபங்கள்

"பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். இது நியாயமான எச்சரிக்கை. ஒவ்வொரு துறையிலும் நுனிப்புல் மேய்வதால் பயனில்லை. ஆனால் விபுலானந்தர் நுனிப்புல் மேய்ந்தவரா? பண்டிதர் பரீட்சையும் தேறினார், பி.எஸ்ஸி.யும் தேறினார், இரண்டிலும் வேர்வரை சென்ற பிறகே இரண்டையும் இணைத்தார். ஒருவரே இரண்டிலும் ஆழ்ந்திருக்க இயலாதபோது, ஆழ்ந்த இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேச வேண்டும். அவர்கள் உட்காருவதற்கு ஒரு திண்ணை அமைப்பதுதான் பல்கலைக் கழகத்தின் வேலை.

இரண்டாவது ஆட்சேபம் வயிற்றைப் பற்றியது. வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறித்துப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தாய்மார்கள் பலர். கோயில் திருவிழாவில் தப்பட்டை அடிக்கும் ஒரு கெட்டிக்காரப் பையன், சயன்ஸ் பிரிவில் சேர்ந்ததும் அடிப்பதை நிறுத்திவிட்டான். ஏனென்று விசாரித்தபோது அவன் தாயார் சொன்னாள்: "கொட்டுச் சோறு போடுமா, சார்? அவங்க அப்பா அடிச்சது போதும்."

அந்த அம்மாளின் கேள்வியை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. மழையில் நனைந்து கூலி வாங்கும் கைகளின் கேள்வி அது. தப்பட்டை அடித்தவர்களை ஊர் எப்படி நடத்திற்று என்ற கசப்பும் அதற்குள் அடங்கியிருக்கிறது. ஆனால் அந்தப் பையன் கையிலிருந்த தோலின் அதிர்வைத்தான் ராமன் சோதனைச் சாலையில் ஆராய்ந்தார் என்பதை யாரேனும் அவனுக்குச் சொல்லியிருந்தால்? தோலை அனலில் காட்டினால் ஏன் சுருதி ஏறுகிறது என்ற கேள்வியிலிருந்து அவனுடைய பௌதிகப் பாடம் தொடங்கியிருந்தால்? தன் தகப்பன் தொழிலைக் குறித்து வெட்கப்பட்டு ஓடிவந்த இடமாகப் பள்ளிக்கூடம் அவனுக்குத் தோன்றியிராது. அந்தத் தொழிலுக்கு மரியாதை தேடித் தந்த இடமாகத் தோன்றியிருக்கும். கலையைப் பாடத்திலிருந்து பிரிப்பதால் நஷ்டப்படுவது கலை மட்டுமன்று. அந்தக் கலையைக் கையில் வைத்திருந்த குலமும்தான்.

இனி என்ன செய்யலாம்?

இணைப்புக்கு முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. கவி ரவீந்திரர் 1921-ல் நிறுவிய விசுவபாரதியில் சித்திரமும் சங்கீதமும் சாஸ்திரங்களுக்குச் சமமாக அமர்ந்தன. அடுத்த ஆண்டே ஸ்ரீநிகேதனத்தில் உழவும் அவற்றோடு சேர்ந்தது. தஞ்சையில் 1981-ல் அமைந்த தமிழ்ப் பல்கலைக் கழகத்தில் சிற்பம், இசை, நாடகம் ஆகிய துறைகளோடு அறிவியலும் ஓலைச் சுவடியும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. சென்னை ஐ.ஐ.டி.யில் இளையராஜாவின் பெயரால் இசைக் கல்வி ஆராய்ச்சி மையம் அமைக்க 2024-ல் அடிக்கல் நாட்டினார்கள். கலைத்திறன் மிக்க மாணவர்களுக்கென்று அங்கே 2025-ம் வருஷ முதல் தனி இடங்களும் ஒதுக்கியிருக்கிறார்கள். எஞ்சினீயர்களை உண்டாக்கும் இடமே கலையைத் தேடி வந்துவிட்டது. ஆனால் ஒரே வளாகத்தில் இருப்பது வேறு, ஒன்றோடொன்று பேசுவது வேறு. அண்டை வீட்டார் வேலிக்கு இரு பக்கமும் முகம் பாராமல் வாழ்வது நாம் காணாததா?

பெரிய செலவில்லாமல் தொடங்கக்கூடியவை சில உண்டு. ஒவ்வொரு கல்லூரியிலும் பௌதிகச் சோதனைச் சாலையில் ஒரு தம்பூராவும் ஒரு மிருதங்கமும் இருக்கட்டும். இசை மாணவர் அங்கே சென்று தம் கருவியின் அதிர்வை அளந்து பார்க்கட்டும். சிலப்பதிகாரம் நடத்தும் தமிழாசிரியர் அரங்கேற்று காதைக்கு வரும்போது இசையாசிரியர் ஒருவரையும் கணித ஆசிரியர் ஒருவரையும் வகுப்புக்கு அழைக்கட்டும். மிருதங்கம் செய்பவரும் பானை வனைபவரும் வருஷத்துக்கு ஒரு வாரமேனும் பல்கலைக் கழகத்தில் ஆசிரியராக அமரட்டும். இவற்றுக்குப் பரீட்சையில் மதிப்பெண்ணும் இருக்கட்டும். மதிப்பெண் இல்லாத எதையும் நம் பிள்ளைகள் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும்.

பொள்ளாச்சியிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வரவேண்டிய எங்கள் வால்பாறையிலும் ஓர் அரசுக் கல்லூரி இருக்கிறது. அதன் பெயர்ப் பலகையில் ‘கலை’யும் ‘அறிவிய’லும் ஒரே வரியில் எழுதப்பட்டிருக்கின்றன. அது சார்ந்திருக்கும் கோவைப் பல்கலைக் கழகமோ 1982-ல் ஒரு கவியின் பெயரால், பாரதியின் பெயரால், அமைந்தது. பெயர்கள் எல்லாம் நமக்கு அனுகூலமாகவே இருக்கின்றன. இனி வேண்டியது மனம்.

கொங்கு நாட்டு விசயமங்கலத்தைச் சேர்ந்த கொங்குவேளிர் இயற்றிய பெருங்கதையில் உதயணன் என்ற அரசன் வருகிறான். அவனிடம் கோடபதி என்று ஒரு யாழ். மதங்கொண்ட நளகிரி என்னும் யானையை அந்த யாழின் ஓசையால் அடக்குகிறான். அதே காவியத்தில், உள்ளே வீரர்களை ஒளித்து வைத்துச் செய்த எந்திர யானை ஒன்றும் வருகிறது. அதைக் காட்டித்தான் உதயணனைச் சிறை பிடிக்கிறார்கள். ஒரே கதையில் இசையும் எந்திரமும்! 1924-ல் மகாமகோபாத்தியாயர் சாமிநாதையர் பதிப்பித்திராவிட்டால் அந்தக் காவியத்தையும் நாம் யாழைப் போலவே இழந்திருப்போம்.

எங்கள் மலையில் யானைகளுக்குப் பஞ்சமில்லை. மாலை வேளையில் தேயிலைக் காட்டைத் தாண்டிவரும் யானைக்கும், வேலை முடிந்து வீடு திரும்பும் மனிதருக்கும் மோதல் நேராதபடி, கைப்பேசிச் செய்தியாலும் உயரத்தில் எரியும் சிவப்பு விளக்காலும் எச்சரிக்கும் ஏற்பாடு இங்கே உண்டு. யானையின் போக்கை அறிந்தவரும், மின்கருவி அறிந்தவரும், தோட்டத்து மக்களின் பேச்சறிந்தவரும் சேர்ந்தால் அல்லாமல் அது நடந்திராது. உயிரைக் காக்கும் காரியத்தில் பல துறைகள் கூட வேண்டும் என்பதை நாம் ஒப்புக்கொண்டுவிட்டோம். உயிருக்கு அடுத்தபடியாக ஒரு ஜாதிக்கு அருமையானது அதன் கலை. அதைக் காக்கும் காரியத்திலும் அவ்வாறே கூட வேண்டும்.

ஒரு யாழை நாம் இழந்தோம். அதை மீட்க ஒரு விபுலானந்தரின் பதினான்கு ஆண்டுகள் செலவாயின. இப்பொழுது இருப்பவற்றை இழந்துவிட்டால், மீட்பதற்கு இன்னொரு விபுலானந்தர் வருவார் என்பது என்ன நிச்சயம்? அவர் வரவேண்டுமானால், கணக்கும் கவிதையும் ஒரே பையனுக்கு, ஒரே பெண்ணுக்குக் கிடைக்கும் வகுப்பறை ஒன்றை இன்றே திறந்து வைத்திருக்க வேண்டும்.